நீரில் ஒரு நட்புப் போட்டி



கைப்பந்து பிறந்த கதை இனிமையானது. 1895-இல் அமெரிக்காவின் ஹோலியோக் நகரில் வில்லியம் மோர்கன் என்பவர், கூடைப்பந்தின் வேகத்துக்கு ஈடுகொடுக்க இயலாத நடுவயது வணிகர்களுக்காக அதனை உருவாக்கினார். மறு ஆண்டு அண்டை நகரான ஸ்பிரிங்ஃபீல்டில் ஆடிக்காட்டியபோது ஓர் அணிக்கு ஹோலியோக் மேயர் தலைவர்; எதிரணிக்குத் தீயணைப்புத் துறைத் தலைவர்!

நம்மிடையே போட்டி என்றாலே கிண்ணம்தான். கிண்ணம் இல்லையேல் பேருந்துச் செலவுக்குக்கூட எவரும் முன்வருவதில்லை. மாணவர் குறைந்த தமிழ்ப்பள்ளிகளோ அணி சேர்க்கவே திணறுகின்றன.

ஆகவே நீச்சல்குளக் கைப்பந்தைப் பரிந்துரைக்கிறேன். சிறுவர்களின் இடுப்பளவு நீரும் ஒரு வலையும் போதும். நீர் கால்களைப் பிடித்துக்கொள்வதால் உயரமானவரும் துள்ளி அடித்துவிட முடியாது. தாய், தந்தை, ஆசிரியர், மாணவர் கலந்தே ஓர் அணி அமையலாம். (உயிர்காப்புப் பயிற்சி பெற்ற ஒருவர் கரையில் நிற்பது கட்டாயம், இதில் சமரசம் கூடாது.) ஒரு விடுமுறையில் ஈப்போ தைப்பிங்கிற்குச் செல்லட்டும்; மறு விடுமுறையில் தைப்பிங் இங்கு வரட்டும். தோற்றவர் தேநீர் வாங்கித் தரட்டும்.

“இதற்குப் புள்ளி உண்டா?” என்று சிலர் கேட்பர். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்டும் இக்கேள்வி நீங்கவில்லை! தைப்பிங் நண்பர்கள் நாள் குறிக்கட்டும். ஈப்போப் பெற்றோரிடம் நான் பேசுகிறேன்.