களவு போவது யாருடைய உழைப்பு?

ஆய்வு நேர்மை என்று பேச்சு வந்தாலே நம் பல்கலைக்கழகங்கள் மென்பொருளைத்தான் காட்டுகின்றன. ஆய்வேட்டைப் பதிவேற்று, சதவீதத்தைப் பார், பத்துக்குள் இருந்தால் நீ நேர்மையானவன். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைப்படி 10 சதவீதம் வரை ஒற்றுமை இருந்தால் தண்டனை இல்லை. 40ஐத் தாண்டினால் ஓராண்டுக்குத் திருத்திய ஆய்வேட்டைக்கூடத் தர முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. தேவையான விதிதான், நான் எதிர்க்கவில்லை. ஆனால் மென்பொருள் சொற்களைத்தான் ஒப்பிடும். வெயிலில் அலைந்தது யார் என்று அதற்குத் தெரியாது.

பல்லாவரம், சேலையூர், வண்டலூர், கேளம்பாக்கம் என்று இந்தப் பக்கம் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் வரிசையாக நிற்கின்றன. என்ஐஆர்எஃப் தரவரிசையில் கட்டுரை எண்ணிக்கைக்கும் மேற்கோள்களுக்கும் மதிப்பெண் உண்டு. ஆகவே கட்டுரை வேண்டும், எப்படியாவது வேண்டும். முனைவர் பட்டத்துக்கு முன் கட்டுரை வெளியிட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயத்தை மானியக் குழு 2022இல் கைவிட்டது. பல நிறுவனங்கள் கைவிடவில்லை. தாம்பரத்தில் ஆய்வேடு பைண்டிங் செய்யும் கடைகளில் கேட்டுப் பாருங்கள், "ஸ்கோபஸ் உத்தரவாதம்" என்று எழுதித் தருகிறவரின் எண்ணும் சேர்ந்து கிடைக்கும். இதழ்களின் லட்சணம் எப்படி என்றால், 2018 மே மாதம் மானியக் குழுவே தன் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்க வேண்டியிருந்தது.

காசு கொடுத்து வாங்குகிறவரைத் திட்டுவது எளிது. திட்டலாம். ஆனால் காசு கைமாறாத இன்னொரு திருட்டு தினமும் நடக்கிறது.

எனக்குத் தெரிந்த தோழி ஒருவர், அவர் குடும்பத்தில் பட்டப்படிப்பை எட்டிய முதல் ஆள். செங்கல் சூளைத் தொழிலாளர்களிடம் இரண்டு ஆண்டுகள் அலைந்து பேட்டிகள் எடுத்தார். கட்டுரை வெளியானபோது முதல் பெயர் நெறியாளருடையது, இரண்டாவது பெயர் சூளைப் பக்கமே போகாத ஒரு பேராசிரியருடையது, இவர் மூன்றாவது. மென்பொருள் அந்தக் கட்டுரையைச் சுத்தமானது என்றது. அடுத்தவரின் உழைப்பையும் கருத்தையும் தன்னுடையதாகக் காட்டுவதே திருட்டு என்று 2018 விதிமுறையே வரையறுக்கிறது. அப்படியானால் இது என்ன?

ஏன் கேட்கவில்லை என்று தோழர்கள் கேட்பீர்கள். உதவித்தொகை வருவதற்கு நிறுவனம் மாதாமாதம் ஒப்புதல் தர வேண்டும். அது நின்றால் என்ன ஆகும் என்று 2016 ஜனவரியில் ரோகித் வெமுலாவின் கடைசிக் கடிதத்தில் படித்தோம். ஏழு மாத உதவித்தொகை பாக்கி இருப்பதை அதிலும் எழுதி வைத்துவிட்டுப் போனார். அப்பாவின் தொலைபேசி அழைப்பில் வேறு நெறியாளர் கிடைத்துவிடும் வீட்டுப் பிள்ளைக்கு வாய் திறப்பது அவ்வளவு கஷ்டமில்லை. முதல் தலைமுறைக்கு அந்த அழைப்பைச் செய்ய யாரும் இல்லை.

"தகுதி" பேசுகிறவர்களுக்கு ஒன்றை நினைவூட்ட வேண்டும். 1948இல் வந்த 'தீண்டப்படாதார்' நூலின் முன்னுரையில் அம்பேத்கர் எங்கே தன்னிடம் சான்று இருக்கிறது, எங்கே சான்று இல்லாமல் ஊகிக்கிறேன் என்பதை ஒளிக்காமல் சொல்கிறார். பல நூற்றாண்டு அநீதியைப் பற்றி எழுதும்போதே அந்தக் கணக்கை ஒப்படைத்தவர் அவர். ஆய்வு நேர்மையை நமக்கு யாரும் வெளியிலிருந்து கொண்டுவந்து கற்பிக்க வேண்டியதில்லை.

இனி விஷயத்துக்கு வருவோம். 2018 விதிமுறைப்படி திருட்டுப் புகார் முதலில் போவது துறை அளவிலான குழுவுக்கு. அதன் தலைவர் துறைத்தலைவர். உங்கள் பெயரைக் கீழே தள்ளியவரே துறைத்தலைவராக இருந்தால் யாரிடம் போவது? நிறுவன அளவிலான குழுவிலும் ஆய்வு மாணவருக்கு இடமில்லை, பட்டியல் சாதியினருக்குக் கட்டாய இடமில்லை. முதலில் இந்த இரண்டு இடங்களைக் கேட்போம். ஒவ்வொரு கட்டுரையோடும் யார் என்ன வேலை செய்தார் என்ற கையெழுத்திட்ட தாள் ஒன்று இருக்கட்டும். புகார் கொடுத்தவரின் உதவித்தொகை விசாரணை முடியும்வரை நெறியாளரின் கையைத் தொடாமல் நேராக வரட்டும்.