ஊசிக்கு மட்டும்தான் மதிப்பா?

காய்ச்சலில் துவண்ட குழந்தை, கொடுத்த சிரப்பையெல்லாம் வாந்தி எடுக்கிறது. ஆசனவாயில் வைக்கும் பாராசிட்டமாலை மருத்துவர் எழுதினால், "அதெல்லாம் வேண்டாம் டாக்டர், ஒரு ஊசி போட்டுடுங்க" என்கிறார்கள் பெற்றோர். ஊசி உசத்தி, மாத்திரை சுமார், பின்பக்கம் வைப்பது அசிங்கம்: மருந்திலும் சாதி அடுக்கு வைத்திருக்கிறோம். இத்தனைக்கும் மலம் கட்டிய பிள்ளைக்கு வெற்றிலைக் காம்பில் விளக்கெண்ணெய் தொட்டு வைத்த பாட்டிகளின் பேரப்பிள்ளைகள் நாம். சித்த மருத்துவத்தின் 32 புற மருந்துகளில், ஆசனவாய் வழியே மருந்து செலுத்தும் பீச்சும் ஒன்று.

விழுங்கிய மருந்து முதலில் கல்லீரலைக் கடந்தாக வேண்டும். அங்கேயே பெருமளவு சிதைந்துபோகும் மருந்துகள் உண்டு. மலக்குடலின் கீழ்ப்பகுதி ரத்தமோ கல்லீரலுக்குப் போகாமல் பொது ஓட்டத்தில் நேரே கலக்கிறது.

வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிறோம். துடிக்கும் குழந்தைக்கு நரம்பு தேடி ஊசி போடுவது அனுபவமுள்ள நர்ஸுக்கே பெரும்பாடு. வலிப்பை நிறுத்தும் டயஸெபாம் கரைசலை ஆசனவாய் வழியாகப் பெற்றோரே வீட்டில் செலுத்தலாம், மருத்துவர் முன்பே கற்றுக்கொடுத்திருந்தால். இப்போது மூக்கில் அடிக்கும் மிடசோலம் வந்துவிட்டது. அதற்கு யாரும் முகம் சுளிப்பதில்லை.

வங்கதேசம், கானா, தான்சானியா கிராமங்களில் நடந்த ஆய்வு 2009இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. கடும் மலேரியா என்று சந்தேகிக்கப்பட்டவர்களுக்கு ஆசனவாயில் ஆர்ட்டிசுனேட் என்ற மலேரியா மருந்தை வைத்து மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். ஆறு மணி நேரம் கடந்தும் போய்ச்சேர முடியாதவர்களிடையே மரணமும் நிரந்தர ஊனமும் ஏறக்குறையப் பாதியாகின. அங்கே ஊசிக்காகக் காத்திருப்பதுதான் ஆபத்து.

எல்லாவற்றுக்கும் ஆசனவாய் வழியே சிறந்தது என்று சொல்லவில்லை. பேதியாகும்போது வைத்தால் மருந்து தங்காது. உறிஞ்சப்படும் அளவும் ஆளுக்கு ஆள் மாறும். விழுங்க முடிந்த பிள்ளைக்குச் சிரப்பே போதும்.

பெண்கள் விஷயத்தில் கூச்சத்தோடு பயமும் சேர்கிறது. யோனியில் வைக்கும் மாத்திரை உள்ளே போய் மாட்டிக்கொள்ளும் என்கிறார்கள். யோனியின் பாதை கருப்பை வாயோடு முடிகிறது. அதன் சிறு துளை வழியே மாத்திரை நுழையாது. குழந்தைப்பேறு சிகிச்சையில் புரோஜெஸ்டிரோன் ஹார்மோனை அங்கே வைக்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு: வாய்வழி போனால் கல்லீரல் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும், இந்த வழியிலோ பக்கத்திலிருக்கும் கருப்பைக்கே கூடுதலாகப் போய்ச்சேரும். இதையெல்லாம் மருந்துக்கடையில் யார் சொல்கிறார்கள்? மாத்திரையைத் தாளில் சுற்றி, ஆணுறை விற்பதுபோல் அவசரமாக நீட்டுகிறார்கள். இது விழுங்குவதல்ல, இரவு படுக்கும்போது வையுங்கள், வழிவது குறையும் என்று சொல்ல அரை நிமிடம்கூட ஆகாது.