மே மாத வெயிலில் கறுப்புக் கோட்டு எதற்கு?

திருமலையில், குந்தவை ஜினாலயம் இருக்கிற மலைக்குக் கீழே எங்கள் வீடு. நாற்பது வருஷமாக ஆரணிப் பட்டு நெய்கிறேன். முகூர்த்தப் புடவைக்கு ஊடை போடும்போதும் குழித்தறியில் உட்காருவது பனியனும் லுங்கியுமாகத்தான். உள்ளங்கை வேர்த்தால் துண்டில் துடைத்துவிட்டுத்தான் நாடாவைத் தொடுவேன். வேர்வை பட்டால் ஜரிகை கறுத்துவிடும்.

போன மே மாதம் பேத்தியின் குதிரையேற்றப் போட்டியைப் பார்க்கச் சென்னைக்குப் போயிருந்தேன். அவளுக்குப் பதிமூன்று வயசு. முழங்கால் வரை பூட்ஸ், கழுத்தை இறுக்கிய வெள்ளைப் பட்டி, மேலே உள்துணி வைத்துத் தைத்த கறுப்புக் கோட்டு. அவள் முறை வருவதற்குள் கோட்டின் முதுகு நனைந்து, காய்ந்து, வெள்ளையாக உப்புப் பூத்துவிட்டது. கழற்றிவிடலாமா என்று என் மகன் கேட்டான். "இது மரபு சார்" என்று பதில் வந்தது. குதிரையை விட்டு இறங்கியதும் பிள்ளை வாந்தியெடுத்தாள். குதிரைக்கு உடனே தண்ணீர் ஊற்றிக் குளிர்வித்தார்கள். அது சரிதான். பிள்ளையின் கோட்டைக் கழற்றியது நான்.

எந்த ஊர் மரபு இது? இங்கிலாந்துக் குளிரில் நரி வேட்டைக்குப் போனவர்கள் உடம்பு சூடாக இருக்கப் போட்ட கோட்டு. அங்கே அது சௌகரியம். பந்தய உடையும் அப்படித்தான். கிண்டிக் குதிரைப் பந்தயத்தில் ஜாக்கிகள் போட்ட வண்ணச் சட்டைக்கு 'சில்க்ஸ்' என்று பெயர். 1762-ல் நியூமார்க்கெட்டில் குதிரைச் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு நிறம் பதிந்துகொண்டார்கள், எது யார் குதிரை என்று தூரத்திலேயே தெரியட்டும் என்று. லேசாகவும் நிறம் எடுப்பாகவும் இருக்கும் என்று பட்டில் தைத்தார்கள். இப்போது நைலான், பாலியஸ்டர். பெயரில் மட்டும் பட்டு இருக்கிறது. நெசவாளியான எனக்கு இதில் துளியும் வருத்தமில்லை. உடம்புக்கு எது உதவுமோ அதைத்தான் உடுத்த வேண்டும்.

மரபு மாறாததும் இல்லை. குதிரையை நயமாக நடத்திக் காட்டும் டிரெஸ்ஸாஜ் போட்டியில் உயரமான கறுப்புத் தொப்பிதான் கௌரவம் என்றிருந்தது. 2010-ல் அமெரிக்க வீராங்கனை கோர்ட்னி கிங்-டை தலைக்கவசமில்லாமல் பயிற்சி செய்தபோது குதிரை தடுக்கி விழுந்து, நாலு வாரம் கோமாவில் கிடந்தார். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் சார்லட் டுஜார்டின் தலைக்கவசத்தோடு தங்கம் வாங்கினார். 2021 முதல் சர்வதேசப் போட்டிகளில் தலைக்கவசம் கட்டாயம். 2023 ஹாங்சோ ஆசியப் போட்டியில் அனுஷ் அகர்வாலா, சுதிப்தி ஹஜேலா, திவ்யகிருதி சிங், ஹிருதய் சேடா கொண்ட டிரெஸ்ஸாஜ் அணி 41 வருஷத்துக்குப் பிறகு குதிரையேற்றத்தில் இந்தியாவுக்குத் தங்கம் கொண்டுவந்தது. தொப்பி போனதால் அந்த விளையாட்டுக்கு என்ன குறைந்துவிட்டது?

கடும் வெயிலில் நடுவர்கள் அனுமதித்தால் கோட்டில்லாமல் ஏறலாம் என்று சர்வதேச விதியிலேயே இடமுண்டு. அந்த அனுமதிக்காக ஒரு குழந்தை வெயிலில் காத்து நிற்கக் கூடாது. பள்ளிப் பிள்ளைகளுக்குப் போட்டி நடத்துகிறவர்களே, மார்ச் முதல் ஜூன் வரை நுழைவுப் படிவத்திலேயே 'கோட்டு வேண்டாம்' என்று அச்சடித்துவிடுங்கள். தலைக்கவசமும் பூட்ஸும் இருக்கட்டும்.