தூங்கியவர் யார்?

'விபத்து' என்ற வார்த்தையைப் போல நமக்குச் சௌகரியமான வார்த்தை வேறு கிடையாது. வானத்திலிருந்து இடி விழுந்தாலும் விபத்து. பிரேக் பிடிக்காத வண்டியைத் தெரிந்தே ரோட்டில் விட்டாலும் விபத்து. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால் அப்புறம் யாரும் யாரையும் கேள்வி கேட்க வேண்டியதில்லை. ஒரு பெருமூச்சு, பத்திரிகையில் ஒரு படம், சர்க்காரிடமிருந்து ஒரு தொகை. மறுநாள் பழையபடி லோடு ஏற்ற வேண்டியதுதான்.

2020-ஆம் வருஷம் பிப்ரவரி 20-ஆம் தேதி, விடியற்காலம் மூன்று மணிக்கு மேல், திருப்பூர் ஜில்லா அவினாசிக்குப் பக்கத்தில் நடந்தது நினைவிருக்கலாம். பெங்களூரிலிருந்து எர்ணாகுளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது கேரள சர்க்கார் பஸ். கொச்சிப் பக்கமிருந்து டைல்ஸ் ஏற்றிக்கொண்டு எதிரே வந்தது ஒரு கண்டெய்னர் லாரி. அது நடுத்திட்டைத் தாண்டி வந்து பஸ்ஸின் மேல் மோதியது. 19 பேர் செத்துப் போனார்கள். பஸ்ஸின் டிரைவரும் கண்டக்டரும் அதில் சேர்த்தி. அந்த இருவரும் 2018-ல், ஓடும் பஸ்ஸில் உடம்பு முடியாமல் போன ஒரு பயணிக்காக வண்டியையே ஆஸ்பத்திரிக்குத் திருப்பியவர்கள் என்று பிறகு படித்தோம்.

முதலில் டயர் வெடித்தது என்றார்கள். அப்புறம் விசாரித்த அதிகாரிகள், லாரி டிரைவர் கண் அசந்துவிட்டார் என்றார்கள். அவரைக் கைது செய்தார்கள். அந்த ஒரு வழக்கைப் பற்றி நான் பேச வரவில்லை. அது கோர்ட்டின் காரியம். நான் பேச வந்தது நம்முடைய வழக்கத்தைப் பற்றி. 'டிரைவர் தூங்கிவிட்டார்' என்றதும், காரணம் கிடைத்துவிட்டது என்று ஊர் முழுவதும் நிம்மதியாகிவிடுகிறதே, அதைப் பற்றி.

தூக்கம் குற்றமா? பசியைப் போல அதுவும் உடம்பின் தேவை. சாப்பாடு போடாமல் வேலை வாங்கி, ஆள் மயங்கி விழுந்தால், 'மயங்கிவிட்டான்' என்று அவன் மேலேயே கேஸ் போடுவோமா?

ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடிக்குப் பதினாறு மீட்டருக்கு மேல் நகரும். நாலு விநாடி இமை மூடினால் 66 மீட்டர். அத்தனை தூரமும் அந்த வண்டிக்கு ஓட்டுகிறவர் கிடையாது. அதுவும் எப்படிப்பட்ட வண்டி! முன்னால் இழுக்கிற என்ஜின் வண்டி ஒன்று, பின்னால் இழுபடுகிற ட்ரெய்லர் ஒன்று, இரண்டையும் சேர்த்துப் பிடித்திருப்பது ஓர் இரும்பு முளை. திடுக்கிட்டு விழித்துப் பிரேக்கை மிதித்தால், முன் வண்டி நின்றாலும் பின்னாலிருக்கும் பாரம் நிற்காது. அது முன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும், பேனாக்கத்தி மடிகிற மாதிரி இரண்டும் மடியும். மேலே கண்டெய்னர் பெட்டியின் மூலைப் பூட்டுகள் சரியாக மாட்டவில்லை என்றால் பெட்டி தனியாகக் கிளம்பும். இப்படிப்பட்ட யந்திரத்தை விடியற்காலம் மூன்று மணிக்கு, கூட ஆள் இல்லாமல், ஒரே ஒரு ஜோடிக் கண்ணை நம்பி விடுகிறோம்.

அவினாசியில் வந்த லாரியில் இருந்தது டைல்ஸ், பனியன் அல்ல. ஆகவே திருப்பூருக்கு இதில் சம்பந்தமில்லை என்று யாரும் எழுந்து போய்விட வேண்டாம். திருப்பூரிலிருந்து தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மதுரை வழியாகத் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகும் பெட்டிகளில் இருப்பது என்ன? கப்பலுக்கு ஒரு கெடு உண்டு. சாயப்பட்டறையில் இரண்டு நாள் தாமதம். தையலில் ஒரு நாள். செக்கிங்கில், பேக்கிங்கில் அரை நாள். இத்தனை பேருடைய தாமதத்தையும் கடைசியில் ஒருவர்தான் ஈடுகட்ட வேண்டும்: ஸ்டியரிங் பிடிக்கிறவர். கெடு தவறினால் சரக்கை விமானத்தில் அனுப்ப வேண்டும், லாபம் போய்விடும். அந்த நஷ்டத்தைத் தவிர்க்க நாம் எடுத்துச் செலவழிக்கிற முதல், இன்னொரு மனிதருடைய தூக்கம்.

தாராபுரம் ரோட்டில் ஒரு டீக்கடையில், லாரி டிரைவர் ஒருவரிடம் "கொஞ்ச நேரம் படுத்துவிட்டுப் போகக் கூடாதா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டுச் சொன்னார்: "தூங்கோணும்னு ஆசை இல்லாமலாங்க? நடைக்குத்தானுங்க கூலி. படுத்துட்டா அந்த நடை போச்சுங்க. லேட்டாப் போனா ஏன் லேட்டுன்னு கேக்க நாலு போன் வருமுங்க. தூங்குனயான்னு கேக்க ஒரு போனும் வராதுங்க."

இதற்கெல்லாம் சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். 1961-லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் எழுதினார்கள். நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தால் அரை மணி ஓய்வு. நல்ல சட்டமாகத்தான் இருந்தது. ஆனால் ஐந்து தொழிலாளராவது இருக்கிற நிறுவனத்துக்குத்தான் என்று ஒரு வாசலையும் சேர்த்தே வைத்தார்கள். கடன் வாங்கி ஒரு லாரி, இரண்டு லாரி வைத்திருந்தவர்களெல்லாம் அந்த வாசல் வழியாக வெளியே போனார்கள். தேசியப் பெர்மிட் லாரிக்கு இரண்டு டிரைவர் வேண்டும், ஒருவர் நீட்டிப் படுக்க இடம் வேண்டும் என்று 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்லின. இரண்டாவது டிரைவர் கட்டாயம் என்பதைப் பிற்பாடு கைவிட்டார்கள். 2025 அக்டோபர் முதல் தயாராகும் கனரக லாரிகளில் டிரைவர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயம் என்றார்கள், சந்தோஷம். ஆனால் குளிர்ந்த காற்று தூக்கத்துக்கு மாற்று அல்ல.

நம் பனியனை வாங்கிப் போட்டுக்கொள்கிற ஐரோப்பாவில் என்ன செய்கிறார்கள்? 2006-ல் வந்த அவர்கள் சட்டப்படி, நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிஷம் நிறுத்தியாக வேண்டும். நாளைக்கு 9 மணி நேரம். வாரத்தில் இரண்டே நாள் 10 வரை போகலாம். வண்டியிலேயே ஒரு கருவி இதைப் பதிவு செய்கிறது. அதைவிட முக்கியம், பேசிக்கொண்ட பயண நேரம் இந்தச் சட்டத்துக்கு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் பொறுப்பு சரக்கை அனுப்புகிறவருக்கும் உண்டு. சாலைப் பாதுகாப்புக்குக் கேடாகும் விதத்தில், தூரத்துக்கு இவ்வளவு, பாரத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசவும் கூடாது.

அதே வெள்ளைக்காரக் கம்பெனியின் ஆடிட்டர் நம் பனியன் கம்பெனிக்கு வந்து, தீயணைக்கும் கருவியை எண்ணுகிறார், கக்கூஸை எண்ணுகிறார், தையற்காரப் பெண்ணின் ஓவர்டைமை எண்ணுகிறார். எண்ண வேண்டியதுதான். ஆனால் கேட்டுக்கு வெளியே புறப்படுகிற லாரிக்காரரின் தூக்கத்தை எண்ண எத்தனை பேர் வருகிறார்கள்? சட்டையின் தர்மம் காம்பவுண்டுச் சுவரோடு முடிந்துவிடுகிறதா?

அமெரிக்காவில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், சமையலறையும் கட்டிலும் உள்ள மோட்டார் வீட்டில், பின்னால் ஒரு காரையும் கட்டி இழுத்துக்கொண்டு உல்லாசப் பயணம் போகிறார்கள். கொக்கி விட்டுப்போனால் தாங்கிக்கொள்ள இரண்டு சங்கிலி. அதுவும் அறுந்தால் இழுபடும் கார் தானே நிற்க ஒரு பிரேக். விவரம் தெரிந்தவர்கள் நிறுத்துகிற இடத்திலெல்லாம் இறங்கிக் கொக்கியைத் தொட்டுப் பார்ப்பார்கள். விளையாட்டுக்குப் போகிறவர்களுக்கு இத்தனை ஜாக்கிரதை! பிழைப்புக்காக இழுக்கிற நாம் என்ன செய்கிறோம்? கெட்டுப்போன வண்டியை இழுக்க நம்மிடமும் விதி இருக்கிறது: நடுவே 5 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது, கயிறு பிறர் கண்ணுக்குத் தெரிய வேண்டும், பின் வண்டியில் அறிவிப்பு எழுத வேண்டும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. பல்லடம் ரோட்டில் இருட்டில் போய்ப் பாருங்கள். விளக்கில்லாத டெம்போவைக் கயிறு கட்டி இன்னொரு டெம்போ இழுத்துப் போகும். நடுவே கயிறு இருப்பது, குறுக்கே புகுகிற மோட்டார் சைக்கிள்காரனுக்கு அதில் மோதின பிறகுதான் தெரியும்.

'டிரைவர்கள் குடிக்கிறார்கள், சொன்னால் கேட்பதில்லை' என்பார்கள். குடிக்கிறவரை ஓட்ட விடாதீர்கள். அதற்காகக் குடிக்காதவரின் தூக்கத்தைப் பறிக்க வேண்டுமா? 'வாடகை ஏறிவிடும்' என்பார்கள். ஏறட்டும். ஒரு பெட்டியில் ஆயிரக்கணக்கான பனியன் போகிறது. இரண்டாவது டிரைவரின் சம்பளத்தை அத்தனை பனியனுக்கும் பங்கு போட்டுப் பாருங்கள். ஒன்றுக்கு விழுகிற காசை எந்தக் கணக்குப்பிள்ளையும் பெரிதாக நினைக்க மாட்டார்.

சர்க்கார் செய்யட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. லோடு ஏற்றும் இடத்தில் டிரைவருக்கு நாலு கட்டில், ஒரு குழாய். கேட் பாஸில் சரக்கின் எடையோடு கூட, அவர் கடைசியாக எப்போது தூங்கினார் என்று ஒரு வரி. நடைக் கூலிக்குப் பதில் நாள் கூலி. ராத்திரி நெடும்பயணத்துக்கு இரண்டு பேர். கெடு நெருங்கிவிட்டால் கப்பலை விடுங்கள். அடுத்த கப்பல் வரும்.

இவ்வளவும் செய்த பிறகு ஒரு டிரைவர் தூங்கினால் அவரைக் குற்றம் சொல்லலாம். அதுவரை, அவரைத் தூங்க விடாமல் அனுப்பிவிட்டு வீட்டில் நிம்மதியாகத் தூங்குகிறவர்களின் பெயரையும் குற்றப் பத்திரிகையில் சேர்க்க வேண்டும்.