காதல் தோல்வி சிடியில் ஒரு தாலாட்டு

கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலைக்கு பஸ்ஸில் போய்வருகிறவர்களுக்கு "காதல் தோல்வி சோக கீதங்கள்" பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. முதலில் கேசட், அப்புறம் நூற்றுச் சொச்சம் பாட்டு அடைத்த எம்பி3 சிடி, இப்போது பென் டிரைவ். டப்பா மாறியது, லேபிள் மாறவில்லை. தாடி வைத்த ஹீரோ, உடைந்த இதயம், ஒரு சொட்டு ரத்தம்.

பாட்டு மேல் குற்றமில்லை மக்களே, லேபிள் மேல்தான்.

இந்தத் தொகுப்புகளில் வழக்கமாக வரும் மூன்று படங்களை எடுத்துக்கொள்வோம்.

'பாலும் பழமும்' (1961). டி.எம்.எஸ். குரலில் அழுவது, மனைவி செத்துப்போனதாக நம்பும் ஒரு டாக்டர்.

'ஒருதலை ராகம்' (1980). கதாநாயகி யாரையும் ஏமாற்றவில்லை. அவளும் காதலித்தாள், வாய் திறந்து சொல்லவில்லை. அவ்வளவுதான்.

'மூன்றாம் பிறை' (1982). இதுதான் உச்சகட்டக் கொடுமை. நினைவு தப்பிக் குழந்தையாகிவிட்ட பெண்ணைத் தூங்க வைக்கப் பாடும் தாலாட்டு அது. கண்ணதாசன் சினிமாவுக்கு எழுதிய கடைசிப் பாட்டு. படம் வருவதற்குள், 1981 அக்டோபரில், அவர் போய்விட்டார். தாலாட்டு எந்தக் கணக்கில் காதல் தோல்வி?

சாவு, சொல்லாத காதல், தாலாட்டு. மூன்றையும் ஒரே டப்பாவில் போட்டு "அவ ஏமாத்திட்டா மச்சி" என்று ஸ்டிக்கர் ஒட்டியாச்சு. சொன்ன விவரமும் கொடுக்கும் சரக்கும் ஒன்றாக இருக்கவேண்டும் என்கிறது 1930-ம் வருட சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 15. பி.காம் பசங்க பரீட்சைக்கு மனப்பாடம் செய்வது. சிடி போடுகிறவர்கள் அந்தப் பாடத்தில் அரியர் போல :-)

வடக்கேயும் இதே வியாபாரம்தான். பாகிஸ்தான் பஞ்சாபைச் சேர்ந்த அதாவுல்லா கான் சோகப் பாட்டுக்குப் பேர்போனவர். துரோகம் செய்த காதலியைக் கொன்றுவிட்டு ஜெயிலில் உட்கார்ந்து பாடுகிறார் என்று இந்தியாவில் ஒரு கட்டுக்கதை பரவியது. சுத்தப் பொய். ஆனால் 1995-ல் அவர் பாட்டுகளைத் தழுவி வந்த 'பேவஃபா சனம்' படத்தின் தலைப்புக்கே "துரோகக் காதலி" என்றுதான் அர்த்தம்.

"பாட்டுதானே பாஸ், கேட்டா மனசு ஆறுது" என்பார்கள். ஆறட்டும், அழட்டும், தப்பே இல்லை. ஆனால் ஒரு பெண் "இஷ்டமில்லை" என்று சொன்ன அன்றைக்கு ஒரு பையன் இதைப் போட்டுக் கேட்கிறான். பாட்டு அவனுக்கு ஆறுதல் சொல்கிறது. அட்டையோ, உனக்கு அநியாயம் நடந்துவிட்டது என்கிறது. மறுப்பது துரோகம் இல்லை, அது அவள் உரிமை. அந்தப் பக்கத்து நியாயத்துக்கு இந்தத் தொகுப்புகளில் இடமே கிடையாது.

படம், வருடம், எழுதியவர் பெயர், யார் யாருக்காகப் பாடுவது என்று ஒரு வரி. இதைப் போட என்ன செலவு? பென் டிரைவ் ஃபோல்டர் பெயரை மாற்ற அதுவும் கிடையாது. "சோகப் பாடல்கள்" என்று மட்டும் இருக்கட்டும். சோகம் எல்லாருக்கும் பொது.