"முளைக்கும்தானே" என்று சொல்லிச் சொல்லியே...

"அது முளைக்கும்தானே."

கை போன ஆக்சலோட்டலைப் பற்றி யாரோட கதைத்தாலும் கடைசியில் இந்த வசனத்தில்தான் வந்து நிற்கிறது. விற்கிறவர் சொல்கிறார், வாங்கினவர் சொல்கிறார், தொட்டியைப் பார்க்க வந்த பக்கத்து வீட்டுப் பிள்ளையும் சொல்கிறது. இந்த வசனத்துக்கு எதிராகத்தான் நாங்கள் எழுதுகிறோம். முளைக்கும் என்பது பொய்யில்லை. ஆனா அந்த உண்மையை வைத்துக்கொண்டு நாங்க செய்கிற வேலை சரியில்லை.

தெரியாதவர்களுக்கு: நியூட், சலமாண்டர், ஆக்சலோட்டல் எல்லாம் வாலுள்ள ஈரூடகவாழிகள். பார்க்கப் பல்லி மாதிரி இருந்தாலும் இவை தவளையின் சொந்தக்காரர். இலங்கையில் இந்த வகையில் ஒன்றுகூட இயற்கையாக இல்லை. எங்களுக்கு இருப்பது தவளைகளும், மண்ணுக்குள்ளே வாழுற காலில்லாத சிசிலியன்களும் மட்டும்தான். ஆக்சலோட்டலின் சொந்த ஊர் மெக்சிக்கோ நகரத்தின் சொச்சிமில்கோ கால்வாய்கள். 2021இல் மைன்கிராஃப்ட் விளையாட்டுக்குள் அது வந்த பிறகு, அந்தச் சிரிச்ச முகத்தைத் தெரியாத பிள்ளைகள் குறைவு. சிரிப்பு எண்டு நாங்க நினைக்கிறது அதுட வாய் அமைப்பு. கை அறுந்து கிடந்தாலும் அது அப்படித்தான் தெரியும்.

குறிஞ்சாக்கேணியில் எங்கட குழுவில் ஒருத்தரின் தம்பி இரண்டு குட்டிகளை ஒரே தொட்டியில் வளர்த்தான். "சோடியா வைங்க, தனியா விட்டா ஏங்கிப் போகும்" என்று சொல்லித்தான் விற்றிருக்கிறார்கள். குட்டிப் பருவத்தில் ஆக்சலோட்டல்கள் ஒன்றையொன்று கடிக்கும், பசியில் கை காலையே பிய்த்து எடுத்துவிடும் என்று யாரும் சொல்லவில்லை. ஒருநாள் விடிய எழும்பிப் பார்த்தால் ஒன்றின் முன்கை முழங்கைக்கு மேலே காணோம். உம்மா மஞ்சள் பூசச் சொன்னா. நானா உப்புத் தண்ணியில விடச் சொன்னார். இரண்டும் அன்பில் சொன்னதுதான், இரண்டும் ஆபத்து. ஈரூடகவாழியின் தோல் எங்கட தோல் மாதிரி இல்லை. தண்ணீரில் இருப்பதையெல்லாம் உள்ளே இழுக்கும். மனுசருக்குப் பூசுகிற மருந்து அதுக்கு நஞ்சாகலாம்.

நாங்கள் செய்தது எளிமையான வேலைதான், ஆனா விடாமல் செய்ய வேண்டிய வேலை. காயம்பட்டதைத் தனியாக ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் விட்டோம். குளோரின் நீக்கின தண்ணீரை ஒவ்வொரு நாளும் முழுதாக மாற்றினோம். கழிவில் இருந்து வருகிற அமோனியாதான் காயத்துக்குப் பெரிய எதிரி. கல், மணல் எதுவும் போடவில்லை, விழுங்கிவிடும். தோட்டத்து மண்புழுவைக் கழுவி, துண்டாக்கிக் கொடுத்தோம். வெள்ளைப் பஞ்சு மாதிரி பூஞ்சை பிடிக்கிறதா என்று காலையும் மாலையும் பார்த்தோம்.

முதல் நாளே காயத்தை மெல்லிய தோல் மூடிவிட்டது. பிறகு அந்த இடத்தில் ஒரு சின்ன மொட்டு. அந்த மொட்டுக்குள்ளே இருக்கும் கலங்கள்தான் எலும்பும் தசையும் நரம்பும் எது எங்கே வேண்டும் என்று பிரித்துக் கட்டுகின்றன. மொட்டு துடுப்பு மாதிரித் தட்டையானது, துடுப்பில் பிளவு விழுந்தது, ஒன்றரை மாதம் கழித்து நாலு விரல். அதிசயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒன்றரை மாதமும் வீட்டில் ஆள் மாறி ஆள் தண்ணி மாத்தினதாலதான் அதிசயம் நடந்தது. ஊத்தைத் தண்ணியில விட்டிருந்தால் கை முளைக்க முதலே உயிர் போயிருக்கும்.

இப்ப விசயத்துக்கு வருவோம். "முளைக்கும்தானே" என்கிறவர்கள் மூன்று விசயத்தை மறைக்கிறார்கள்.

முதலாவது, அந்தத் திறமைக்கும் எல்லை உண்டு. 2017இல் வெளியான ஓர் ஆய்வில் ஆக்சலோட்டலின் ஒரே கையைத் திரும்பத் திரும்ப வெட்டிப் பார்த்தார்கள். ஐந்து தடவைக்குப் பிறகு பெரும்பாலானவைக்குக் கை ஒழுங்காக முளைக்கவில்லை. கடிபட்ட காயம் இன்னும் மோசம். நேராக வெட்டின கையைவிடப் பிய்ந்த கை கோணலாக முளைப்பது அதிகம்.

இரண்டாவது, வெக்கை. ஆக்சலோட்டலுக்கு வேண்டியது 16 முதல் 18 பாகை செல்சியஸ் தண்ணீர். 24ஐத் தாண்டினாலே சாப்பாடு குறையும், நோய் தொற்றும். திருகோணமலையில் வருசத்தில் பெரும்பாலான நாள் பகல் வெக்கை 30ஐத் தாண்டும். குளிராக்கும் இயந்திரம் இல்லாட்டி ஐஸ் போத்தல் மிதக்கவிடத்தான் வேணும். கரண்ட் போனால்? 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்த நாடு இது. எங்கட ஊர்த் தொட்டியில் ஓர் ஆக்சலோட்டல் நல்லா இருக்கு என்று சொல்கிறவரிடம் ஒரு கேள்விதான்: தண்ணியில வெப்பமானி வைத்துப் பார்த்தீங்களா?

மூன்றாவது, "வளர்க்கிறதாலதான் இனம் அழியாமல் இருக்கு" என்ற கதை. சொச்சிமில்கோவில் 1998இல் ஒரு சதுர கிலோமீற்றருக்கு சுமார் 6,000 ஆக்சலோட்டல்கள் இருந்ததாகக் கணக்கிட்டார்கள். 2014இல் அது சுமார் 36. இதே காலத்தில்தான் உலகம் முழுக்கத் தொட்டிகளில் அவை பெருகின. தொட்டியில் பெருகியது கால்வாயைக் காப்பாற்றவில்லை. கால்வாயைக் கெடுத்தது கழிவுநீரும், கொண்டுவந்து விட்ட திலாப்பியா, கெண்டை மீன்களும். திலாப்பியா எங்கட குளங்களிலும் கொண்டுவந்து விட்ட மீன்தான், நாங்க ருசிச்சுச் சாப்பிடுறது.

"விஞ்ஞானிகளும் வெட்டுறாங்கதானே?" என்று கேட்பீர்கள். வெட்டுகிறார்கள். மயக்கமருந்து கொடுத்து, நெறிமுறைக் குழுவிடம் அனுமதி எடுத்து, விடை தேடி வெட்டுகிறார்கள். அந்த விடை எங்களுக்கும் வேண்டும். கண்ணிவெடியில் கால் போனவர்கள் வாழுகிற வடக்கு கிழக்கில் "திரும்ப முளைக்கும்" என்பது லேசான வார்த்தை இல்லை. முளைக்காத காலுக்குச் செயற்கைக் கால் பொருத்தி, நடக்கப் பழக்கி, தேய்ந்ததும் திரும்ப மாற்றி என்று வருசக்கணக்கில் பராமரிக்க வேண்டியிருப்பதை இங்கே பார்த்திருக்கிறோம். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு ஓர் உயிரின் கை போனதை "முளைக்கும்தானே" என்று தள்ளிவிடுவது எங்களுக்கு அழகில்லை.

இன்னொரு விசயம். இந்த அதிசயத்தைப் பார்க்க மெக்சிக்கோ போக வேண்டியதில்லை, காசு கொடுத்து வாங்கவும் வேண்டியதில்லை. பல தவளைகளின் வால்பேத்தைகளுக்கு ஆரம்பப் பருவத்தில் பின்னங்கால் போனால் திரும்ப முளைக்கும். தவளையாக மாற மாற அந்தத் திறமை போய்விடும். ஒடிசாவில் பிரியம்பதா மொகந்தி ஹெஜ்மாடியும் கூட ஆய்வு செய்தவர்களும் 1992இல் நேச்சர் சஞ்சிகையில் எழுதினது இதைவிட ஆச்சரியம். வால் வெட்டின பேத்தைகளுக்கு உயிர்ச்சத்து ஏ கொடுத்தபோது, வால் இருந்த இடத்தில் கால்கள் முளைத்தன! அந்த ஆய்வில் இருந்த பலூன் தவளை இலங்கையிலும் வாழுகிறது. வறட்சிக்கு மண்ணுக்குள் புதைந்து கிடந்து மழைக்கு வெளியே வரும் இனம் அது. மாரி மழைக்கு வயலில் கத்துகிற கூட்டத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள். வயலை நிரப்பி, குப்பை கொட்டி, கிருமிநாசினி அடித்து நாங்க அழிக்கிறது அந்தக் கூட்டத்தைத்தான். அழிந்துபோனதாக உலகம் பதிந்த தவளை இனங்களில் பெரிய பங்கு இலங்கையுடையது.

ஏற்கனவே வளர்க்கிறவர்களை நாங்கள் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. வைத்திருந்தால் ஒழுங்காக வைத்திருங்கள். குட்டிகளைப் பிரித்து வையுங்கள், தண்ணீரைக் குளிராக வையுங்கள், சோடி சேர்த்துப் பெருக்காதீர்கள். ஏலாவிட்டால் ஏலுமானவரிடம் கொடுங்கள். குளத்திலோ வாய்க்காலிலோ விடவே வேண்டாம். வெக்கையில் அது சாகும், அதோட வந்த நோய் எங்கட தவளைகளுக்குத் தொற்றலாம். செல்லப்பிராணி வியாபாரத்தோட ஆசியாவிலிருந்து போன ஒரு பூஞ்சை நெதர்லாந்தின் சலமாண்டர்களைக் கிட்டத்தட்டத் துடைத்தெடுத்தது. அமெரிக்கா 2016இல் 201 சலமாண்டர் இனங்களின் இறக்குமதியை நிறுத்தியது இந்தப் பயத்தில்தான். வாங்க நினைக்கிறவர்களுக்கு: வாங்காதீர்கள். விற்கிறவர்களுக்கு: வெப்பநிலையைச் சொல்லாமல், கடிக்கும் என்று சொல்லாமல் விற்பது ஏமாற்று.

பூனையைக் கட்டிவைத்து, தானும் தீனி போடாமல், அது தேடித் தின்னவும் விடாமல் சாகவிட்ட பெண்ணின் கதை எங்கட மத்ரசாவில் எல்லாருக்கும் சொல்லித் தந்ததுதான். வெந்த தண்ணியில் ஓர் உயிரை அடைத்து வைத்துவிட்டு "முளைக்கும்தானே" என்கிறவருக்கும் அந்தக் கதை பொருந்தும். அடுத்த தடவை யாராவது அந்த வசனத்தைச் சொன்னால் சும்மா இருக்காதீங்க. "முளைக்கிறவரைக்கும் ஒவ்வொரு நாளும் தண்ணி மாத்துறது ஆரு?" என்று கேளுங்கள்.