திரும்பப் பெறப்பட்டது உத்தரவு. திரும்பப் பெறப்படாதது அதிகாரம்

இந்தியாவில் விற்கப்படும் ஒவ்வொரு புதிய செல்போனிலும் "சஞ்சார் சாத்தி" என்னும் அரசுச் செயலியை ஏற்றியே விற்க வேண்டும் என்று 2025 நவம்பர் 28-ஆம் தேதி மத்திய தொலைத்தொடர்புத் துறை பிறப்பித்த உத்தரவு, ஐந்தே நாள்களில், டிசம்பர் 3-ஆம் தேதி திரும்பப் பெறப்பட்டது. எதிர்க்கட்சிகள் இதைத் தங்கள் எதிர்ப்புக்குக் கிடைத்த பலன் என்றன. மக்கள் தாமாகவே செயலியை ஏற்று வருவதால் கட்டாயம் தேவைப்படவில்லை என்றது அரசு. நாடாளுமன்றத்தின் அந்தக் குளிர்காலக் கூட்டத்தொடரில் அதற்கடுத்து வேறு பிரச்னைகள் வந்தன. செல்போன் விவகாரம் பின்னுக்குப் போனது.

ஆனால் எந்த விதிகளின் பலத்தில் அந்த உத்தரவு பிறந்ததோ, அந்த விதிகளுக்கு எதுவும் நேரவில்லை. தில்லியில் நடந்த வாய்ச்சண்டையில் இது போதிய கவனம் பெறவில்லை. இதன் பொருள் என்ன என்பதைத் தில்லியின் அமைச்சக அறைகளைவிட மும்பையின் கிங்ஸ் சர்க்கிளில் நின்று பார்த்தால் எளிதில் விளங்கும்.

துறைமுக ரயில் பாதையில் வடாலாவுக்கும் மாகிமுக்கும் இடையே உள்ள சிறிய நிலையம் கிங்ஸ் சர்க்கிள். மகேஸ்வரி உத்யான் என்று அரசுக் குறிப்புகளில் பெயர் மாறியும் வாய்வழக்கில் மாறாத இடம். ஒரு புறம் மாட்டுங்கா: காபிக் கடைகள், பூக்கடைகள், நடைபாதைப் பழைய புத்தகக் கடைகள், சண்முகானந்தா அரங்கம், ஓய்வூதியத்தில் வாழும் முதியோர். சற்றுத் தொலைவில் தாராவி: பட்டறைகள், தையல் கூடங்கள், தலைமுறைகளாக அங்கே உழைக்கும் திருநெல்வேலிச் சீமைக் குடும்பங்கள். இரு பகுதியினருக்கும் தாய்மொழி ஒன்று. கையில் உள்ள செல்போன் மட்டும் ஒன்றல்ல. மாட்டுங்காவின் முதியவரிடம் இருப்பது வெளிநாட்டிலிருந்து மகனோ மகளோ வாங்கித் தந்த புதிய கருவியாக இருக்கும். தாராவியின் தொழிலாளியிடம் இருப்பது பெரும்பாலும் இரண்டாவது கைக்கு, சில வேளை மூன்றாவது கைக்கு வந்த கருவி. ரசீது இருக்காது, பெட்டி இருக்காது, முதலில் வாங்கியவர் யார் என்பதும் தெரியாது.

<b>திருட்டிலிருந்து தொடங்கிய கதை</b>

மும்பைப் புறநகர் ரயிலில் வாசலோரம் நிற்பவருக்கு "பட்கா" என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. தண்டவாளத்தை ஒட்டிக் கம்பத்தில் தொற்றி நிற்பவன், ரயில் வேகம் குறையும் இடத்தில், செல்போன் பிடித்த கையில் கழியால் ஓங்கி அடிப்பான். கீழே விழும் கருவியை எடுத்துக்கொண்டு ஓடுவான். செல்போனைப் பறிகொடுத்ததோடு நிற்காமல், நிலைதடுமாறி விழுந்து கையையோ காலையோ இழந்தவர்களும் உண்டு.

ஆகவே, திருட்டுப்போன செல்போனை முடக்கும் மத்தியப் பதிவேடு 2019 செப்டம்பரில் முன்னோட்டமாக மகாராஷ்டிரத்தில் தொடங்கப்பட்டதில் வியப்பில்லை. அப்போதைய அமைச்சர் ரவிசங்கர் பிரசாத் மும்பையில் அதைத் தொடங்கி வைத்தார். ஒவ்வொரு கருவிக்கும் ஐ.எம்.இ.ஐ. எனப்படும் 15 இலக்க எண் உண்டு. கருவி தொலைந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, இணையதளத்தில் பதிவு செய்தால், அந்த எண் எல்லாத் தொலைபேசி நிறுவனங்களுக்கும் போகும். அதன்பின் எந்த சிம் கார்டைப் போட்டாலும் கருவி இயங்காது. போட முயன்றவர் யார் என்ற தகவல் காவல் துறைக்குக் கிடைக்கும். 2023 மே மாதம் இந்த வசதி நாடு முழுவதற்கும் விரிந்தது. 2025 ஜனவரியில் செயலி வடிவிலும் வந்தது. 42 லட்சத்துக்கும் மேற்பட்ட கருவிகள் முடக்கப்பட்டதாகவும் 26 லட்சத்துக்கும் மேற்பட்டவை இருக்குமிடம் கண்டறியப்பட்டதாகவும் அரசு கூறியது. பயனுள்ள ஏற்பாடு இது, மறுப்பதற்கில்லை.

இங்கேதான் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். முடக்கும் பணி நடப்பது தொலைபேசி நிறுவனங்களின் வலையமைப்பில், செல்போனுக்குள் அல்ல. திருடப்பட்ட கருவிக்குள் அரசின் செயலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதன் எண் முடங்கும். ஒருவர் பெயரில் எத்தனை சிம் கார்டுகள் உள்ளன என்று பார்ப்பதும் இணையதளத்திலேயே முடியும். பழைய செல்போன் வாங்குபவர் அதன் ஐ.எம்.இ.ஐ. எண்ணை 14422 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பியும் விவரம் அறியலாம். சந்தேக அழைப்பு பற்றிப் புகார் செய்வதற்கும் இணையதளம் உண்டு. அப்படியானால் ஒவ்வொரு கருவிக்குள்ளும் செயலி ஏன் கட்டாயமாக நுழைய வேண்டும்? ஐந்து நாள்களிலும் அரசுத் தரப்பிலிருந்து நேரான பதில் வராத கேள்வி இது ஒன்றுதான்.

<b>அமைச்சர் சொன்னதும் உத்தரவு சொன்னதும்</b>

நவம்பர் 28-ஆம் தேதி உத்தரவு பொதுமக்கள் பார்வைக்கு வெளியிடப்படவில்லை. ஆப்பிள், சாம்சங், சியோமி உள்ளிட்ட நிறுவனங்களுக்கு அது தனியாக அனுப்பப்பட்டது. குளிர்காலக் கூட்டத்தொடரின் முதல் நாளான டிசம்பர் 1-ஆம் தேதி ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் அதை வெளிக்கொணர்ந்த பிறகே அரசும் அறிக்கை தந்தது. நிறுவனங்களுக்கு 90 நாள் அவகாசம். 120 நாள்களில் இணக்க அறிக்கை. ஏற்கெனவே தயாரிக்கப்பட்டுக் கடைகளில் இருக்கும் கருவிகளுக்கும் மென்பொருள் புதுப்பித்தல் வழியாகச் செயலியை அனுப்ப முயல வேண்டும்.

வேண்டாதவர் நீக்கிக்கொள்ளலாம் என்று மறுநாளே தொலைத்தொடர்புத் துறை அமைச்சர் ஜோதிராதித்ய சிந்தியா விளக்கினார். உத்தரவின் வாசகமோ செயலியின் செயல்பாடுகள் முடக்கப்படவோ கட்டுப்படுத்தப்படவோ கூடாது என்பதை நிறுவனங்கள் உறுதி செய்ய வேண்டும் என்றது. இந்த வாசகம் நிறுவனங்களை மட்டுமே கட்டுப்படுத்துவது, வாடிக்கையாளரை அல்ல என்று வாதிட இடமுண்டு. ஆனால் நீதிமன்றத்துக்குப் போனால் நிற்பது கையெழுத்திட்ட காகிதம். செய்தியாளர் சந்திப்பில் சொன்ன சொல் அல்ல. ஆண்ட்ராய்டு கருவிகளில் இந்தச் செயலி அழைப்புப் பட்டியலைப் பார்க்கவும், குறுஞ்செய்தி அனுப்பவும், கேமராவையும் சேமித்த படங்களையும் அணுகவும் அனுமதி கேட்டது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் எதிர்ப்பு ஏன் அவ்வளவு விரைவாகப் பரவியது என்பது விளங்கும். ஆப்பிள் நிறுவனம் உடன்படாது என்று செய்திகள் வந்தன. ரஷியாவில் "மேக்ஸ்" என்னும் செயலியை 2025 செப்டம்பர் முதல் புதிய கருவிகளில் கட்டாயமாக ஏற்றி விற்பது ஒப்பீடாக எடுத்துக்காட்டப்பட்டது. ஜனநாயக நாட்டின் அரசுக்கு அது விரும்பத்தக்க ஒப்பீடு அல்ல.

<b>"மறைக்க என்ன இருக்கிறது?"</b>

காபிக் கடைப் பேச்சில் இந்த விவகாரம் வரும்போதெல்லாம் முதலில் எழும் கருத்து இதுதான்: "நம்மிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது? வங்கிக்காரனும் விளம்பரக்காரனும் ஏற்கெனவே எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. அரசு பார்த்தால் என்ன?" இதை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. மாட்டுங்கா போன்ற பகுதிகளில் தனியே வசிக்கும் முதியவர்களுக்கு உண்மையான அச்சம் ஒன்று இருக்கிறது. காவல் அதிகாரி வேடத்தில் வீடியோ அழைப்பில் வந்து, "டிஜிட்டல் கைது" என்று மிரட்டி, வாழ்நாள் சேமிப்பைக் கறந்துவிடும் கும்பல்கள் பெருகிவிட்டன. 2024-ஆம் ஆண்டில் மட்டும் இணைய மோசடிகளில் மக்கள் இழந்த தொகை ரூ. 22,845 கோடி என்று உள்துறை அமைச்சகமே நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. செயலி பற்றிய செய்தி வெளியான அதே டிசம்பர் 1-ஆம் தேதிதான், டிஜிட்டல் கைது மோசடிகளை நாடு முழுவதும் சி.பி.ஐ. விசாரிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

ஆக, நோய் பொய்யல்ல. மருந்து பொருந்துமா என்பதே வழக்கு. மிரட்டல் அழைப்பு வருவது முதியவரின் செல்போனுக்கு. அழைப்பு கிளம்புவதோ பல வேளை எல்லை தாண்டிய கும்பல்களின் கூடாரத்திலிருந்து. பணம் போய்ச்சேருவது ஏழை ஒருவரின் பெயரில் வாடகைக்கு எடுக்கப்பட்ட வங்கிக் கணக்குக்கு. முதியவரின் கருவிக்குள் செயலி ஏற்றுவதால் அந்தக் கணக்கு மூடப்படாது.

மறைக்க என்ன இருக்கிறது என்று கேட்பவர் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். விளம்பரக்காரன் பார்த்தால் விளம்பரம் வரும். அரசு பார்த்தால் சம்மன் வரும். 2021-இல் பெகாசஸ் உளவு மென்பொருள் புகார் எழுந்தபோது, ஓய்வு பெற்ற நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன் மேற்பார்வையில் உச்ச நீதிமன்றம் குழு அமைத்தது. ஆய்வு செய்யப்பட்ட 29 கருவிகளில் ஐந்தில் ஏதோ ஒரு தீய மென்பொருள் இருந்தது. அது பெகாசஸ்தானா என்று உறுதி செய்ய முடியவில்லை. மத்திய அரசு ஒத்துழைக்கவில்லை என்று குழு கூறியதை 2022 ஆகஸ்டில் அன்றைய தலைமை நீதிபதி என்.வி. ரமணா திறந்த நீதிமன்றத்திலேயே தெரிவித்தார். அந்த நினைவு மறையாத நிலையில் "உளவு பார்க்க இயலாது, பார்க்கவும் மாட்டோம்" என்ற அமைச்சரின் உறுதிமொழி நாடாளுமன்றத்தில் எதிர்பார்த்த வரவேற்பைப் பெறவில்லை.

<b>நீதிமன்றம் போட்ட கோடு</b>

கர்நாடக உயர் நீதிமன்ற முன்னாள் நீதிபதி கே.எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்ட் 24-ஆம் தேதி ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அந்த உரிமையில் அரசு கை வைக்க வேண்டுமானால் சட்டம் இருக்க வேண்டும். நியாயமான நோக்கம் இருக்க வேண்டும். எடுக்கும் நடவடிக்கை நோக்கத்துக்குத் தேவையான அளவை மீறக் கூடாது. அடுத்த ஆண்டு செப்டம்பர் 26-ஆம் தேதி, செல்போன் எண்ணோடு ஆதாரை இணைக்கக் கட்டாயப்படுத்திய சுற்றறிக்கை இந்த அளவுகோலில் தேறாமல் ரத்தானது. அதற்குள் கோடிக்கணக்கானோர் கடை கடையாக வரிசையில் நின்று விரல் ரேகை வைத்து முடித்திருந்தார்கள் என்பது தனிக்கதை.

சஞ்சார் சாத்தி உத்தரவு நீதிமன்றம் வரை போயிருந்தால், "இணையதளத்தில் முடிவதற்குச் செயலி எதற்கு" என்ற கேள்வி மூன்றாவது அளவுகோலில் நேராக வந்து நின்றிருக்கும். உத்தரவு திரும்பப் பெறப்பட்டதால் அந்தக் கேள்விக்குத் தீர்ப்பு இல்லாமல் போயிற்று. அரசுக்கு இது இழப்பல்ல என்றே சொல்ல வேண்டும்.

<b>எஞ்சியிருக்கும் விதிகள்</b>

2023 டிசம்பரில் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் 146 பேர் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்த கூட்டத்தொடரில் நிறைவேறியது தொலைத்தொடர்புச் சட்டம். அதன் கீழ் 2024-இல் இணையப் பாதுகாப்பு விதிகள் வந்தன. 2025 அக்டோபரில் அவை திருத்தப்பட்டன. தொலைபேசி எண்ணைக் கொண்டு வாடிக்கையாளரை அடையாளம் காணும் எந்த நிறுவனத்துக்கும், உணவு கொண்டு வரும் செயலி முதல் வங்கி வரை, ஓர் எண்ணை முடக்கும்படி உத்தரவிட இவை வழிசெய்கின்றன. பொதுநலன் கருதினால் முன்னறிவிப்பு இல்லாமலும் நடவடிக்கை எடுக்கலாம்.

தாராவித் தொழிலாளியைத் தொடும் பிரிவும் இந்தத் திருத்தத்தில்தான் இருக்கிறது. பழைய செல்போன் வியாபாரம் செய்வோர், விற்கும் முன்போ வாங்கும் முன்போ ஐ.எம்.இ.ஐ. எண்ணை அரசின் பட்டியலோடு கட்டணம் செலுத்தி ஒப்பிட வேண்டும். பெரிய நிறுவனத்துக்கு இது கணக்கில் ஒரு வரி. நடைபாதையில் பத்துக் கருவிகளைத் துணியில் பரப்பி விற்பவருக்கு அது லாபத்தில் விழும் வெட்டு. அவர் ஒப்பிடாமல் விற்றால் இழப்பு வாங்கியவருக்கு. திருட்டுப் பொருள் என்று தெரியாமல் நாலாயிரமோ ஐயாயிரமோ கொடுத்தவரின் செல்போன் ஒரு காலையில் முடங்கினால், கூடவே அன்றைய கூலியை வாங்கும் யு.பி.ஐ. கணக்கும் ஊரில் உள்ள தாயாரோடு பேசும் வழியும் முடங்கும். திருடனைப் பிடிக்கும் வலையில் முதலில் அகப்படுபவர் கடைசியாக வாங்கியவர்.

செயலி உத்தரவு பிறந்த அதே நவம்பர் 28-ஆம் தேதி இன்னோர் உத்தரவும் பிறந்தது. வாட்ஸ்அப் போன்ற செயலிகள், பதிவு செய்த சிம் கார்டு கருவிக்குள் இருந்தால் மட்டுமே இயங்க வேண்டும். கணினியில் திறந்து வைத்தால் ஆறு மணி நேரத்துக்குள் தானாக மூடிக்கொள்ள வேண்டும் என்றது அது. வளைகுடாவில் உள்ளூர் சிம் போட்டுக்கொண்டு, ஊர் எண்ணில் வாட்ஸ்அப் பேசும் தமிழர்கள் எத்தனை ஆயிரம்! நகல் எடுக்கும் கடைகளில் நாள் முழுவதும் கணினியில் வாட்ஸ்அப்பைத் திறந்து வைத்து வாடிக்கையாளரின் ஆதாரையும் சான்றிதழ்களையும் அச்சிட்டுத் தருபவர்கள் எத்தனை பேர்! செயலி உத்தரவுக்கு எழுந்த கூக்குரலில் பாதிகூட இதற்கு எழவில்லை. டிசம்பர் 3-ஆம் தேதி அறிவிப்பு இதைத் தொடவும் இல்லை.

இத்தனைக்கும் எதிரே குடிமகனுக்குக் கேடயமாகச் சொல்லப்படுவது 2023 ஆகஸ்டில் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் விதிகள் 2025 நவம்பரில், செயலி உத்தரவுக்கு இரு வாரங்களுக்கு முன்புதான் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்கள் மீதான முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம். அதாவது 2027 மே. அரசு அறிவிக்கும் தனது அமைப்புகளுக்கு விலக்கு அளிக்கும் 17-ஆவது பிரிவும் அதே சட்டத்தில் இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைத் திருத்தி, தனிநபர் தகவல் என்ற பெயரில் அதிகாரிகள் விவரம் மறுக்க வழிசெய்த பிரிவு மட்டும் எந்த அவகாசமும் இன்றி அறிவித்த உடனேயே நடைமுறைக்கு வந்துவிட்டது.